வேன் கூரையில் சோலார்: இன்னொரு பேட்டரியா, இன்னொரு பேனலா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேனைத் தங்கும் வண்டியாக மாற்றி, கூரையில் 100 வாட் பேனல் இரண்டும், வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து எடுத்த இரண்டு வயதான 150 ஏ.எச். (ஆம்பியர் மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி (குழாய் வடிவத் தகடுள்ள ஆசிட் பேட்டரி) ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். ஆடிச் சாரலுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போனபோது, இரண்டாம் நாள் இரவு நடுவிலேயே விசிறி நின்று, குளிர்பெட்டியும் அணைந்துவிட்டது. ஆகவே புதிதாக இன்னொரு 150 ஏ.எச். பேட்டரி வாங்கிச் சேர்த்தால் நான்கு நாள் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் இருப்பது பேட்டரியைப் பற்றிய கேள்வி; அதற்குள் இருப்பதோ, ஒரு நாளில் செலவாகும் மின்சாரம் அதே நாளில் திரும்ப வந்து சேருகிறதா, சேரவில்லையென்றால் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்னும் கேள்வி. அதற்கு என் பதில், இப்போதைக்கு இன்னொரு பேட்டரி வேண்டாம் என்பதுதான். பணத்தைப் பேனலிலும், பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரிலும், வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்து சார்ஜ் ஏற்றும் கருவியிலும் போடுங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

நான் மின்பொறியியலில் டிப்ளமோ படித்தவன். பாளையங்கோட்டையில் பேட்டரி, இன்வெர்ட்டர் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் விவசாயிகளுக்கு சோலார் பம்புசெட் பொருத்திய அனுபவமும் உண்டு. தங்கும் வண்டிகள் என் கைக்கு வந்தவை பத்துக்கும் குறைவு. ஆகவே பேனல், பேட்டரி, ஒயர் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். வண்டியின் உடல் வேலையைப் பற்றி அப்படிப் பேச மாட்டேன்.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். பேட்டரி என்பது குளம். பேனல் என்பது அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால். இரவில் ஓடும் விசிறியும் விளக்கும் மடை திறந்து பாயும் வயல். காலில் வரும் தண்ணீர் வயலுக்கே போதாதபோது குளத்தை இரண்டு மடங்கு ஆழப்படுத்தினால், முதல் பூவில் (போகத்தில்) ஒரு நனைப்புக் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த பூவுக்குக் குளம் வறண்டுதான் கிடக்கும். உங்கள் வண்டியின் குறை காலில் இருக்கிறது.

முதலில் செலவைப் பார்ப்போம். நீங்கள் சொன்ன சாமான்களை வைத்து நான் போட்ட கணக்கு இது. உங்கள் 12 வோல்ட் குளிர்பெட்டியின் கம்ப்ரெஸர் ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். நம் ஊர்ச் சூட்டில் அது நாளில் பாதி நேரமாவது ஓடும் என்று வைத்தால் 540 வாட் மணி. பதினைந்து வாட் விசிறி இரண்டு, இரவு ஒன்பது மணி நேரம் சுற்றினால் 270. ஐந்து வாட் விளக்கு மூன்று, ஐந்து மணி நேரத்துக்கு 75. எல்லோருடைய செல்போனும் ஒரு லேப்டாப்பும் சேர்ந்து 125. தண்ணீர் பம்பு அரை மணி நேரத்துக்கு 30. ஆக 1040 வாட் மணி, அதாவது மின்வாரியக் கணக்கில் ஏறக்குறைய ஒரு யூனிட். வீட்டில் ஒரு யூனிட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை; 12 வோல்ட் பேட்டரியிலோ அது 87 ஏ.எச். இந்தப் பட்டியலில் குளிர்பெட்டி மட்டுமே பாதிக்கு மேல் தின்கிறது என்பதையும், அதன் செலவுதான் என் கணக்கில் மிகவும் ஊகமான எண் என்பதையும் கவனியுங்கள். மூடியை எத்தனை முறை திறக்கிறீர்கள், சூடான பாலை அப்படியே உள்ளே வைக்கிறீர்களா, கம்ப்ரெஸருக்குப் பின்னால் காற்றோட்டம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மூன்றில் ஒரு பங்கு கூடலாம், குறையலாம்.

இனி வரவு. பேனலில் எழுதியிருக்கும் 100 வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலும், பேனலின் செல் (ஒளியை மின்சாரமாக்கும் சிறு கட்டம்) 25 டிகிரி வெப்பத்திலும் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. நம் வெயிலில் ஒரு நாள் முழுவதும் விழும் ஒளியைச் சேர்த்துப் பார்த்தால், அது முழு வெயில் ஐந்து மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று தோராயமாகக் கொள்ளலாம். உங்கள் பேனல் ஒவ்வொன்றும் 5.6 ஆம்பியர் தரக்கூடியது. இரண்டும் இணையாகச் சேர்ந்து 11.2 ஆம்பியர், ஐந்து மணி நேரத்துக்கு 56 ஏ.எச். ஆசிட் பேட்டரி, ஏற்றிய அனைத்தையும் திருப்பித் தராது. அந்தக் கழிவு போக ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இது மேகமில்லாத நாளின் வரவு. ஆடி மாதத்தில் திருநெல்வேலியில் மேல்காற்று அடித்து வெயிலும் காயும்; ஆலங்குளம் தாண்டித் தென்காசியை நெருங்க நெருங்க வானம் வேறாகிவிடும். குற்றாலத்தில் சாரல் விழும் நாளில் முழு வெயிலுக்குச் சமமாக இரண்டு மணி நேரம் கிடைத்தால் நல்லது. அப்படியென்றால் உங்கள் பேட்டரிக்குள் சேர்ந்தது 20 ஏ.எச். அளவுதான்.

இப்போது உங்கள் இரண்டு இரவுகளைத் திரும்பப் பாருங்கள். முதல் இரவில் விசிறி, விளக்கு, பாதி நாள் குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு 51 ஏ.எச். போயிற்று. மறுநாள் பகலில் 36 செலவாகி 20 திரும்ப வந்தது. மாலையில் குறை 67. இரண்டாம் இரவு முழுக்க ஓடியிருந்தால் குறை 118. இரண்டு ஆண்டுகள் வீட்டில் உழைத்த 150 ஏ.எச். பேட்டரியில் உண்மையாக மீந்திருப்பது 120 என்று வைத்தாலும், விடியும் முன்பே அது அடிமண்ணைத் தொட்டிருக்கும். உங்கள் விசிறி நின்றதற்கு வேறு பழுது எதையும் தேட வேண்டியதில்லை.

இதே கணக்கில் இரண்டாவது பேட்டரியைச் சேர்த்துப் பார்த்தேன். மேகமூட்டம் நீடித்தால் நாளொன்றுக்கு 67 வீதம் குறைந்து, நான்காம் இரவின் முடிவில் குறை 252 ஆகும். பழையது 120, புதியது 150 என்று உங்களிடம் இருப்பது 270. ஆகவே நேர்மையாகச் சொன்னால், நான்கு நாள் தாங்குமா என்ற கேள்விக்கு ஒரு முறை தாங்கும் என்பதே விடை. ஆனால் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்குவது அதன் ஆயுளைத் தின்னும். இறங்கிய நிலையிலேயே பல நாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நீங்கள் ஊர் திரும்பி எதையும் ஓட்டாமல் வெயிலில் நிறுத்தினாலும், 252 ஏ.எச்.சை உங்கள் இரண்டு பேனல்கள் நிரப்ப ஐந்து நாளுக்கு மேல் ஆகும். பழைய பேட்டரியையும் புதியதையும் இணையாகக் கட்டினால், பழையது முந்திச் சோர்ந்து புதியதை இழுத்துக் கெடுக்கும். டியூபுலர் பேட்டரி ஒன்று ஆசிட்டோடு ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதும் வண்டிக்குச் சின்ன விஷயம் அல்ல. இதை நான் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. என் மைத்துனர் வேனுக்கு முதலில் இந்த இரட்டைப் பேட்டரி வைத்தியத்தைச் செய்தவன் நானே. பதினைந்து மாதத்தில் இரண்டையும் பழைய சாமான் விலைக்குப் போட்டோம்.

பேனலைக் கூட்டுவதற்கு முன் கண்ட்ரோலரைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். உங்களிடம் இருப்பது பி.டபிள்யூ.எம். வகை. அது பேனலையும் பேட்டரியையும் நேராகச் சேர்த்து, நிரம்பும்போது வெட்டி வெட்டி விடும் ஒரு சுவிட்ச். பேனலின் ஆம்பியர் அப்படியே வரும், பேட்டரியின் வோல்ட்டுக்கு மேலிருக்கும் வோல்ட் வீணாகும். எம்.பி.பி.டி. வகையோ அந்த உபரி வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். இதனால் முப்பது சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஐரோப்பியர் எடுத்த வீடியோக்களில் சொல்வார்கள். அவர்களுடைய குளிரில் அது உண்மையாக இருக்கலாம். நம் சித்திரை வெயிலில் கூரைமேல் செல்லின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டும்போது, உங்கள் 36 செல் பேனலின் 18 வோல்ட் பதினைந்தரைக்கு இறங்கிவிடும். உபரியே குறைந்துவிட்ட இடத்தில் எம்.பி.பி.டி. மீட்டுத் தருவது பத்து, பன்னிரண்டு சதவீதம்தான். ஆகவே இப்போதுள்ள இரண்டு பேனலுக்காக மட்டும் அதை மாற்றுவது வீண்செலவு.

ஆனால் பேனலை மாற்றப்போகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழ். இன்று வீட்டுக் கூரைகளுக்கு வரும் 540 வாட் பேனல், வாட் கணக்கில் சிறிய பேனலைவிட மிகவும் மலிவு. அதைப் பார்த்து ஆசைப்பட்டு, இருக்கிற பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலரிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பேனல் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தருவது, பி.டபிள்யூ.எம். வழியாக வந்தால் பேட்டரியின் பதின்மூன்றரை வோல்ட்டில் அதே 13 ஆம்பியர், அதாவது 175 வாட். மூன்றில் இரண்டு பங்கு கூரையிலேயே வெப்பமாகப் போகும். சுமை இல்லாதபோது அந்தப் பேனல் ஐம்பது வோல்ட் வரை காட்டும் என்பதால், சில சிறிய கண்ட்ரோலர்கள் முதல் நாளிலேயே புகைந்துவிடும். என் கடைக்கு அப்படிப் புகைந்து வந்தவற்றை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கூரையில் இடம் இருக்குமானால் நான் சொல்வது மொத்தம் 500 வாட் அளவும், 40 ஆம்பியர் எம்.பி.பி.டி. கண்ட்ரோலரும். ஒரே பெரிய பேனல் என்றால் இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீளமும், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும், முப்பது கிலோவுக்கு நெருங்கிய எடையும் இருக்கும். அதைவிட நடுத்தர அளவில் இரண்டு, மூன்று பேனல்கள் வண்டிக்குப் பொருந்தும். சூடு, தூசி, ஒயர் இழப்பு எல்லாம் போக எழுதிய அளவில் எண்பது சதவீதம் கிடைத்தால், வெயில் நாளில் இரண்டு யூனிட் வரும். உங்கள் ஒரு யூனிட் செலவு போக, முந்தைய நாளின் குறையும் தீரும். பேனல்களைத் தொடராக இணைக்கும்போது மொத்த வோல்ட், கண்ட்ரோலரின் உச்ச எல்லைக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். 49 வோல்ட் பேனல் இரண்டைத் தொடராக்கி 100 வோல்ட் கண்ட்ரோலரில் கொடுத்தால் நம் ஊரில் தப்பிக்கும். கொடைக்கானலில் பத்து டிகிரிக் காலையில் வெயில் பட்ட உடனே, குளிரில் வோல்ட் ஏறி நூறைத் தாண்டிவிடும். பேனலுக்குச் சூட்டில் வோல்ட் இறங்கும், குளிரில் ஏறும். இதை மறப்பவர்கள் கண்ட்ரோலரை மலையில்தான் இழக்கிறார்கள்.

பேனலைச் சாய்த்து வைக்க வேண்டுமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது டிகிரிக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக நிற்கும். ஜூனில் அது நமக்கு வடக்கே போய்விடும். மார்கழிப் பக்கம் மட்டும் தெற்கே சாய்ந்து, கிடைமட்டப் பேனலில் நண்பகல் ஒளியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். அந்த ஒரு பங்குக்காகச் சாய்வுச் சட்டம் வைத்துக்கொண்டு, பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று சட்டத்தைப் பேனலோடு கொண்டுபோகும். கிடையாகவே வைத்து, கூரைக்கும் பேனலுக்கும் இடையில் நான்கு விரல் அளவு இடைவெளி விட்டு, பசையை மட்டும் நம்பாமல் போல்ட் போட்டு முடுக்குங்கள். அந்த இடைவெளியில் ஓடும் காற்று பேனலைக் குளிர்விக்கும். வண்டிக்குள்ளும் சூடு குறையும். கூரையோடு ஒட்டும் வளையும் பேனல்கள் பார்க்க அழகாக இருக்கும். நம் வெயிலில் அவற்றுக்கு அடியில் காற்றுப் புக வழியில்லாமல் வெந்துபோவதைக் கண்டிருக்கிறேன். நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

சாய்வைவிடப் பல மடங்கு முக்கியமானது நிழல். பேனலில் செல்கள் சங்கிலியாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லில் முழு நிழல் விழுந்தால், அது சேர்ந்த வரிசை முழுவதும் பைபாஸ் டயோடு (மின்சாரத்துக்கு மாற்றுவழி தரும் சிறு கருவி) வழியாக ஒதுக்கப்படும். பெரிய பேனலில் இதனால் மூன்றில் ஒரு பங்கு போகும். சிறிய பேனலில், பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலரோடு, வோல்ட் பேட்டரிக்குக் கீழே இறங்கி முழுவதுமே நின்றுவிடலாம். உவரிக் கடற்கரையில் ஒற்றைப் பனையின் ஓரம் வண்டியை நிறுத்தி, நிழலே இல்லையே என்று நான் நினைத்த நாளில், அந்த ஒல்லி மரத்தின் நிழல் கடிகார முள் போலக் கூரையைக் கடக்கும்வரை வரவு பாதியாக இருந்தது. நம் நாட்டில் வண்டியில் தங்குபவருக்கு இதுதான் தீராத வழக்கு: மனிதருக்கு வேப்பமர நிழல் வேண்டும், பேனலுக்கு வெட்டவெளி வேண்டும். இரண்டையும் சமாளிக்க, 100 வாட் பேனல் ஒன்றைக் கூரையிலிருந்து கழற்றி, பத்து மீட்டர் ஒயரோடு தரையில் வெயில் படும் இடத்தில் விரிக்கலாம். அதற்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய கண்ட்ரோலரையே தனியாகப் பயன்படுத்தலாம். இரண்டு கண்ட்ரோலர்கள் ஒரே பேட்டரிக்கு ஏற்றுவதில் தவறில்லை. குற்றாலத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்கு ஒயர் என்றால் ஊஞ்சல்.

கிடையாக வைத்த பேனலில் தூசி தங்கும். திசையன்விளை, உவரித் தேரிப் பக்கம் காற்றடிக் காலத்தில் ஒரே நாளில் செம்மண் போர்த்திவிடும். கடற்கரையில் உப்புப் படலம் படியும். அதைக் கடல்நீர் படாமல் நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும், இணைப்பான்களின் வாயையும் உலர்த்திப் பார்க்க வேண்டும். கழுவுவது விடியற்காலையில் இருக்கட்டும்; கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் சிக்கலில் பாதியைத் தீர்க்கக்கூடிய ஒன்று. பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் போக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் இன்ஜினிலுள்ள ஆல்டர்னேட்டர் (வண்டிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் உள் பேட்டரிக்கு அதிலிருந்து ஒரு துளியும் வருவதில்லை. ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை உள் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டில் தரும் 20 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் ஒன்றை இடையில் வைத்தால், அந்த ஒன்றரை மணி நேரத்தில் 30 ஏ.எச். ஏறும், சாரல் நாள் ஒன்றில் உங்கள் இரண்டு பேனல்களும் சேர்ந்து கொடுத்ததைவிட அது அதிகம். ரிலே ஒன்றை வைத்து இரண்டு பேட்டரியையும் நேராகச் சேர்க்கும் பழைய முறையை இப்போது தவிர்க்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை இன்ஜின் கம்ப்யூட்டர் தன் தேவைக்கு ஏற்ப ஏற்றி இறக்குகிறது. அந்த வோல்ட்டை நம்பி உள் பேட்டரி நிறையாது. இந்தக் கருவியை வைக்குமுன், உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டர் இந்தச் சுமையைத் தாங்குமா என்பதை வண்டி மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து அதே ஆடிச் சாரலில் ஓட்டிப் பார்ப்போம். 500 வாட்டில் மேகமான நாளின் வரவு, கழிவு போக, 54 ஏ.எச். அளவு. ஐந்தருவி, செங்கோட்டை, தென்காசிக் கோயில் என்று பகலில் எப்படியும் வண்டியை எடுப்பீர்கள். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இன்னொரு 26. ஆக 80 வரவு, 87 செலவு. நாளுக்கு ஏழு வீதம் குறைந்து, நான்காம் இரவு விடியும்போது குறை 72 ஆக நிற்கும். உங்கள் பழைய பேட்டரிக்குக்கூட அது பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான். ஒரே ஒரு பேட்டரியில் நான்கு நாள் என்பது இப்படித்தான் சாத்தியம். இதில் ஆம்பியர், வோல்ட் கணக்கெல்லாம் உறுதியானவை. மேகம் எவ்வளவு கறுக்கும் என்பது மட்டும் என் கையில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் தொடர்ந்து சூரியன் முகம் காட்டாவிட்டால் 500 வாட் பேனலும் கைவிடும். அந்தக் காலத்தில் குளிர்பெட்டியை அணைத்துவிட்டு ஐஸ் பெட்டியோடு போங்கள்.

ஒயரைச் சிக்கனம் செய்யாதீர்கள். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒன்று. நான்கு சதுர மில்லிமீட்டர் ஒயரில் 20 ஆம்பியர், போக ஐந்து மீட்டர் வர ஐந்து மீட்டர் ஓடினால், முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரையும். கண்ட்ரோலர் பேட்டரி நிரம்பிவிட்டதாக எண்ணிக்கொள்ளும், பேட்டரியோ அரைவயிற்றோடு இருக்கும். கண்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்து, பத்து சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டின் மாறுமின்சாரத்துக்கான (ஏ.சி.) எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்சை இங்கே பயன்படுத்தக் கூடாது. நேர்மின்சாரத்தின் பொறி தானாக அணையாது, அதற்கென்று உள்ள டி.சி. பிரேக்கர்தான் அதை அணைக்கும். ஓடும் வண்டியில் தீ என்பது இந்த ஒரு இடத்தில்தான் எனக்குப் பயம்.

பேட்டரி இருக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் கவலைப்பட்டேன். படுக்கைக்கு அடியில், மூடிய பெட்டிக்குள், டியூபுலர் பேட்டரி இருக்கக் கூடாது. அது நிரம்பும் நேரத்தில் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். சிறு பொறி போதும். வெளிக்காற்றுக்குத் திறந்த குழாயுள்ள பெட்டிக்கு அதை இந்த வாரமே மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. சூடும் அதற்குப் பகை: பத்து டிகிரி கூடினால் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட தோராய விதி. கண்ட்ரோலரில் பேட்டரி வகையை ஆசிட் வகை என்று மாற்றி, 14.4 வோல்ட்டுக்கு வைத்து, வெப்ப உணரியைப் பேட்டரியின் மேல் ஒட்டுங்கள். நாற்பது டிகிரியில் அது தானாக 14 வோல்ட்டை ஒட்டி இறக்கிக்கொள்ளும். ஏற்றும் மொத்த ஆம்பியரை முப்பதுக்கு மேல் போகாமல் வரம்பிடுங்கள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வீட்டு இன்வெர்ட்டரிலோ சார்ஜரிலோ ஓர் இரவு முழுக்கப் போட்டு, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.240 காட்டும்வரை நிரப்புங்கள். கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். அந்த மெதுவான பகுதிக்கு வெயில் நேரம் போதுவதில்லை என்பதால்தான் சோலாரை மட்டும் நம்பிய ஆசிட் பேட்டரிகள் சீக்கிரம் சாகின்றன.

இந்தப் பேட்டரி தன் காலத்தை முடித்ததும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்குப் போங்கள். 100 ஏ.எச். பேட்டரி ஒன்று பதினொன்று, பன்னிரண்டு கிலோதான். எண்பது சதவீதம் வரை இறக்கலாம், முழுக்க நிரம்பாமல் கிடந்தாலும் கெடாது, வாயுவும் வராது. நான் பொருத்தியவற்றில் மூத்ததற்கு ஐந்து வயதுதான் ஆகிறது. பத்து ஆண்டு உழைக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை என் அனுபவத்தால் உறுதிப்படுத்த இயலாது. வாங்கும்போது தராசில் வைத்துப் பாருங்கள்: 100 ஏ.எச். என்று எழுதி, எட்டு கிலோ மட்டுமே இருந்தால், உள்ளே எழுதிய அளவுக்குச் செல்கள் இல்லை.

குளிர்சாதனப் பெட்டியான ஏ.சி. ஓட்ட முடியுமா என்ற உங்கள் துணைவியாரின் கேள்விக்குச் சுருக்கமாக, முடியாது. ஒரு டன் ஏ.சி. ஓர் இரவில் ஐந்து யூனிட்டுக்கு மேல் கேட்கும். உங்கள் பேட்டரியில் பாதி என்பது ஒரு யூனிட்கூட இல்லை. 1500 வாட் இண்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட்டில் 140 ஆம்பியர் இழுக்கும்; சமையலைக் கேஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூரை வேலையால் வண்டியின் உயரமோ எடையோ பதிவுச் சான்றிதழிலிருந்து மாறினால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் 52-ஆம் பிரிவு வரும். போல்ட் போடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரியை வீட்டில் முழுக்க நிரப்பி, வேனை உங்கள் தெருவிலேயே நிறுத்தி, பேனல் ஒயரைக் கழற்றிவிட்டு, குற்றாலத்தில் இருந்தது போலவே ஓர் இரவு எல்லாவற்றையும் ஓட்டுங்கள். விடிந்ததும் அனைத்தையும் அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து, மீட்டரில் வோல்ட்டைப் பாருங்கள். தோராயமாக 12.7 என்றால் முழுமை, 12.2 என்றால் பாதி. ஓர் இரவுக்கு 51 ஏ.எச். என்ற என் கணக்கு சரியாக இருந்து, உங்கள் பேட்டரியும் நலமாக இருந்தால், 12.3-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், பேட்டரி நான் நினைத்ததைவிடத் தேய்ந்திருக்கிறது அல்லது குளிர்பெட்டி நான் எழுதியதைவிட அதிகம் தின்கிறது. எது என்று அறிய, குளிர்பெட்டியை மட்டும் அணைத்து மறுநாளும் இதையே செய்து, இரண்டு எண்களையும் எழுதுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, பழைய பேட்டரியை இன்னும் வைத்திருக்கலாமா என்பதைச் சொல்கிறேன்.